94-இல் நிற்கிறதா, 23-இல் நிற்கிறதா? வீட்டு ரவுட்டரில் வேகம் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

300 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்திருக்கிறீர்கள். எத்தனை முறை வேகச் சோதனை நடத்தினாலும் 94-ஐத் தாண்ட மறுக்கிறது. இன்னொரு வீட்டிலும் அதே இணைப்பு, அங்கே 23. மூன்றாவது வீட்டில் பகலில் 140, இரவில் 35. மூன்று பேரும் சொல்வது "நெட் ஸ்லோ" என்ற ஒரே புகார்தான், ஆனால் கோளாறு மூன்றும் வேறு. முதலாவதில் போர்ட் அல்லது கேபிள். இரண்டாவதில் பெரும்பாலும் வைஃபை பாதுகாப்பு அமைப்பு. மூன்றாவதில் நெரிசல், அது வீட்டுக்குள் காற்றில் இருக்கிறதா, வெளியே லைனில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேகம் எந்த எண்ணில் முட்டி நிற்கிறதோ அந்த எண்ணே பெரும்பாலும் கோளாறைக் காட்டிக் கொடுத்துவிடும். அதைப் படிக்கத் தெரியாமல் புது ரவுட்டர் வாங்கினால், பழைய தடை அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். அதனால் கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே போங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இணைப்பின் வேகம் விநாடிக்கு இத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று சொல்லப்படுகிறது. கோப்பு இறங்கும் வேகத்தைக் கணினி மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 37.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. 35 என்று காட்டினால் கோளாறே இல்லை.

படி 1: வைஃபையை ஓரமாக வைத்துவிட்டு கேபிளில் அளங்கள்

கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள ஒரு மடிக்கணினியை ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) நேரடியாகச் செருகுங்கள். கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எந்த வழியில் அளக்கிறோம் என்பதே தெரியாது. வீட்டிலுள்ள மற்ற சாதனங்களையும் கொஞ்ச நேரம் துண்டியுங்கள். இப்போது மூன்று முறை அளந்து மூன்று எண்ணையும் எழுதி வையுங்கள். இரவு நெரிசல் நேரத்தில் ஒருமுறை, அதிகாலையில் ஒருமுறை என்று இதையே திரும்பச் செய்யுங்கள். கேபிளிலும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால் சிக்கல் உங்கள் வீட்டுக்குள் இல்லை. சேவை நிறுவனத்திடம் பேசும்போது இந்த எண்கள் கையில் இருப்பது நல்லது.

மடிக்கணினியில் நெட்வொர்க் போர்ட் இல்லாமல் யுஎஸ்பி அடாப்டர் போட்டு அளப்பவர்கள் கவனிக்க வேண்டும். மலிவான அடாப்டர்கள் பல 100 எம்பிபிஎஸ் வகை. கிகாபிட் என்று எழுதியிருந்தாலும் அதைப் பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால், அந்தத் துளையின் உச்சமே 480 எம்பிபிஎஸ் என்பதால் கையில் கிடைப்பது அதைவிட வெகுவாகக் குறையும்.

அடுத்து, முடிந்தால் ரவுட்டரையும் கழற்றிவிட்டு ஃபைபர் மோடத்தில் நேராகக் கணினியைச் செருகி அளங்கள். பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறை உள்ள இணைப்பாக இருந்தால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியில் கொடுக்க வேண்டியிருக்கும். சில இடங்களில் மோடம் முதலில் பார்த்த சாதனத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும். சாதனத்தை மாற்றிய பின் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் இணைப்பு வரும். மோடத்தில் நேராக 300 வந்து, ரவுட்டர் வழியாக 94 வந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

படி 2: போர்ட்டும் கேபிளும்

94 என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ். ஒவ்வொரு தரவுப் பொதியோடும் போகும் தலைப்பு விவரங்களையும் பொதிகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியையும் கழித்தால் மிஞ்சுவது 94, 95. இதே கணக்கில் கிகாபிட் போர்ட்டில் மிஞ்சுவது 940. கேபிளில் அளக்கும்போது வேகம் 94-இல் ஆடாமல் அசையாமல் நின்றால், வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. அது ரவுட்டரின் வான் போர்ட்டாக (வெளியிலிருந்து இணையம் வந்து சேரும் துளை) இருக்கலாம், லேன் போர்ட்டாக இருக்கலாம், மோடமாக இருக்கலாம், நடுவில் கிடக்கும் பழைய சுவிட்சாகவும் இருக்கலாம்.

ரவுட்டரின் விவரக் குறிப்பில் 10/100 என்று இருந்தால் அது ஃபாஸ்ட் ஈதர்நெட். 10/100/1000 என்று இருந்தால்தான் கிகாபிட். இதில் வேதனையான விஷயம் என்னவென்றால், பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 என்று அச்சிட்டு உள்ளே 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகளை வைத்த மாடல்கள் நிறைய விற்கப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ரவுட்டரில் காற்றில் எவ்வளவு வேகம் இருந்தாலும் இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல் 100தான். அமைப்பை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

போர்ட்டுகள் எல்லாம் கிகாபிட்தான், ஆனாலும் 94 என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடியாக எட்டு கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலோ, முனையில் சரியாக அழுந்தாமல் இருந்தாலோ, பல சாதனங்கள் தாமாகவே 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். இணைப்பு அறுவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. வேகம் மட்டும் மூன்றில் ஒன்றாகிவிடும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் இணைப்பு வேகம் என்ற வரியைப் பாருங்கள். கணினியிலும் ஈதர்நெட் விவரத்தில் 100 அல்லது 1000 என்று தெரியும். கேபிளின் உறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சாகியிருக்க வேண்டும். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும், அதனால் வீட்டுக்கு அதைவிட விலையுயர்ந்தது தேவைப்படுவது அரிது. முனையை மறுபடி அடிப்பதற்கு முன் நன்றாக வேலை செய்யும் வேறொரு கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

படி 3: ரவுட்டரின் செயலி

ரவுட்டரும் ஒரு சிறு கணினி. உள்ளே வரும் ஒவ்வொரு பொதியின் முகவரியையும் மாற்றி வீட்டிலுள்ள சரியான சாதனத்துக்கு அனுப்ப வேண்டும். பிபிபிஓஇ இருந்தால் ஒவ்வொரு பொதியின் மேலுறையையும் பிரிக்க வேண்டும். இந்த வேலையை மையச் செயலி மட்டும் தனியாகச் செய்தால் பல ரவுட்டர்கள் சில நூறு எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும். அதனால்தான் இதற்கென்றே தனிச் சுற்று வைக்கிறார்கள். அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம், ஹார்ட்வேர் நாட் என்ற பெயர்களில் இருக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: பொதிகளைச் செயலியே ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டிய எந்த வசதியும் இந்த முடுக்கத்தை அணைத்துவிடக்கூடும். க்யூஓஎஸ் (எந்தப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி), சாதனவாரியாகப் பயன்பாட்டுக் கணக்கு, பெற்றோர் கட்டுப்பாடு, விபிஎன் (குறியாக்கம் செய்த தனிப் பாதை) எல்லாம் இந்த வகை. கேபிளில் 94-ம் இல்லாமல் 940-ம் இல்லாமல் நடுவில் ஏதோ ஓர் எண்ணில் வேகம் நின்றால், இவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்தால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். ரவுட்டரிலேயே விபிஎன் ஓட விடுபவர்களுக்கு வேகம் பெரிதும் விழுவது இயல்பு. குறியாக்கம் செய்ய அந்தச் சின்னச் செயலிக்கு வலு போதாது. விபிஎன்னைக் கணினியிலேயே ஓட விடுங்கள்.

வேகம் நன்றாகவே இருந்து, திடீர் திடீரென்று ரவுட்டர் அணைந்து எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது மின் அடாப்டர். சில வருடங்களில் அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வலுவிழக்கும். வைஃபை முழு வேகத்தில் ஓடி அதிக மின்சாரம் கேட்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரியும், ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும். இதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அநேகம் பேர்.

படி 4: பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

கேபிளில் முழு வேகம் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால்தான் இந்தப் படிக்கு வர வேண்டும்.

ஏசி1200 (ஏசி என்பது வைஃபை 5 தலைமுறை) என்றால் 1200 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று பொருள் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே ஒட்டிய எண் அது. ஏஎக்ஸ்1800 (ஏஎக்ஸ் என்பது வைஃபை 6) என்பது 574-ம் 1201-ம். ஏஎக்ஸ்3000 என்பது 574-ம் 2402-ம். வைஃபை 6 வரையான கைபேசி ஒரு நேரத்தில் ஒரு ரவுட்டரோடு ஒரு அலைவரிசையில்தான் பேசும். ஆக, கூட்டுத்தொகை எந்தச் சாதனத்துக்கும் கிடைக்காது.

ஒரு சாதனத்தின் இணைப்பு வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எத்தனை ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் ஓடும் தரவுத் தாரை), சேனல் (அலைவரிசைக்குள் ஒரு பகுதி) எவ்வளவு அகலம், ஒரு துடிப்பில் எத்தனை பிட். வைஃபை 4-இல் ஒரு ஸ்ட்ரீம், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் உச்சம் 72. அகலம் 40 ஆனால் 150. வைஃபை 5-இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு ஸ்ட்ரீமுக்கு 433. வைஃபை 6-இல் அதே அகலத்தில் 600. கைபேசிகளும் மடிக்கணினிகளும் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரீம். மலிவான கைபேசிகளிலும் பல தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் ஒன்றே ஒன்று. ரவுட்டரில் எட்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தாலும் எதிர்முனையில் ஒன்று இருந்தால் பேச்சு ஒரு ஸ்ட்ரீமில்தான் நடக்கும். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து ரவுட்டர் வாங்குவதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான்.

இந்த 867-ம் முழுதாகக் கைக்கு வராது. கேபிளில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். வைஃபையில் ஒருவர் பேசும்போது அந்தச் சேனலில் உள்ள எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பேசுவதற்கு முன் காற்று காலியா என்று கேட்க வேண்டும், பேசிய பின் வந்து சேர்ந்தது என்ற ஒப்புகைக்குக் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் போக மிஞ்சுவது இணைப்பு வேகத்தில் ஏறக்குறைய 50 முதல் 70 சதவீதம். 867-க்கு 500, 600 வந்தால் மிக நல்ல நிலை. 433-இல் இணைந்த கைபேசியில் 250 வந்தால் ரவுட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே முதல் வேலை, சாதனம் இப்போது எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்ப்பது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்துக்குப் போனால் இணைப்பு வேகமும் அலைவரிசையும் தெரியும். விண்டோஸில் வைஃபை இணைப்பின் பண்புகளில் இருக்கும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் சிக்னல் வலு, சேனல், அகலம் எல்லாமே வரும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ், 144 என்று இருந்தால் சாதனம் மெதுவான பாதையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். கோளாறு தேடும் நாட்களில் மட்டுமாவது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். 144-இல் இணைந்த சாதனத்திலும் 80, 90 வரும். போர்ட் தடையிலும் 94 வரும். வேறுபாடு எளிது: போர்ட் தடை அசையாது, வைஃபை தடை ஒவ்வொரு அளவிலும் ஆடும்.

படி 5: 54-இல் பூட்டிவிடும் இரண்டு அமைப்புகள்

வேகம் 20, 25-க்கு மேல் ஏறவே இல்லை, இணைப்பு வேகம் 54 என்று காட்டுகிறது என்றால் ரவுட்டரின் வைஃபை பாதுகாப்புப் பக்கத்துக்குப் போங்கள். குறியாக்கம் டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்று இருக்கும். இந்தப் பழைய முறைகளோடு வைஃபை 4-இன் உயர் வேகங்களைப் பயன்படுத்த அதன் தரவரையறையே அனுமதிப்பதில்லை. அதனால் சாதனம் பழைய 54-க்கு இறங்கிவிடுகிறது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களும் ஏற்றால் டபிள்யூபிஏ3. டபிள்யூஎம்எம் (வைஃபையில் ஒலி, காணொலிக்கு முன்னுரிமை தரும் வசதி) என்ற அமைப்பை அணைத்து வைத்தாலும் இதே விளைவுதான். பெயரைப் பார்த்தால் தேவையில்லாத ஒன்று போலத் தெரியும், ஆனால் அதை இயக்கியே வையுங்கள்.

படி 6: இடமும் சிக்னலும்

சிக்னல் வலுவை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு காட்டுவார்கள். பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 65 வரை வசதியாக ஓடும். மைனஸ் 70-க்குக் கீழே வேகம் சரியத் தொடங்கும். மைனஸ் 80-இல் இணைப்பு இருக்கும், பயன் இருக்காது. ஒவ்வொரு 3 டெசிபெல் குறைவும் சக்தி பாதியாவதற்குச் சமம் என்பதால் 60-க்கும் 70-க்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம்.

சிக்னல் குறையும்போது வேகம் ஏன் குறைகிறது? அருகில் இருக்கும்போது வைஃபை 5 ஒரு துடிப்பில் 8 பிட், வைஃபை 6 பத்து பிட் ஏற்றி அனுப்புகிறது. அவ்வளவு நுணுக்கமான துடிப்பைப் பிரித்தறியத் தெளிவான சிக்னல் வேண்டும். தள்ளிப் போகப் போக 6, 4, 2 என்று பிட்டுகளைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் அச்சிட்ட உச்ச வேகம் ரவுட்டர் இருக்கும் அறைக்குள் மட்டுமே உண்மை.

கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், உலோகக் கதவு, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை சிக்னலை அதிகம் விழுங்கும் அல்லது திருப்பி அடிக்கும். 2.4-ஐ விட 5 கிகாஹெர்ட்ஸ் சுவரில் கூடுதலாகவே இழக்கும். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஒன்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். வெளி ஆன்டெனா அதன் நுனி காட்டும் திசையில் வீசுவதில்லை. பக்கவாட்டில், வடை வடிவத்தில் பரப்புகிறது. ஒரே தளம் கொண்ட வீட்டுக்கு ஆன்டெனாக்கள் நேராக நிற்கட்டும். மாடி இருந்தால் ஒன்றைப் படுக்கையாகத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

படி 7: சேனல்

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைக்கும். அதனால் ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 மட்டுமே. சேனல் 3 காலியாகத் தெரிகிறதே என்று அதற்குப் போவது தவறு. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன் பேச்சை ஒன்று புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். பாதி மேலே விழும் சேனலில் இருப்பவற்றுக்கு எதிராளியின் பேச்சு வெறும் இரைச்சல். இருவருக்கும் பொதிகள் கெடும். அகலத்தை 20-லேயே வையுங்கள், வீடுகள் நெருங்கிய இடத்தில் 40 வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத், ரவுட்டருக்குப் பக்கத்தில் செருகிய யுஎஸ்பி 3.0 சாதனம் எல்லாமே இந்த அலைவரிசையில் இரைச்சல் போடுபவை.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் நல்ல தேர்வு. 36 முதல் 48 வரையான சேனல்களில் கூட்டம் அதிகம் இருக்கலாம். 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. இவற்றில் நுழையும் முன் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் ஒலித்தால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். ரவுட்டரைப் போட்டதும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தாமதமாக வருவதற்கும், நடுவில் சில நொடி மறைவதற்கும் இதுவே காரணம். 160 மெகாஹெர்ட்ஸை 36-இலிருந்து தொடங்கினால் அது 64 வரை நீண்டு ரேடார் பகுதிக்குள் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாடு என்ற அமைப்பில் உங்கள் நாட்டையே தேர்ந்தெடுங்கள். தவறாக இருந்தால் சட்டச் சிக்கல் ஒருபுறம், சாதனங்களுக்குச் சில சேனல்களே தெரியாமல் போவது மறுபுறம்.

சேனலை மாற்றியபின் இணையச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கேபிளில் இணைத்த ஒரு கணினியில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளைச் சேவையகமாக ஓட விட்டு, வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து அளங்கள். இரு திசையிலும், ஒரே நேரத்தில் நான்கு இணைப்புகளில், முப்பது விநாடி. சேவை நிறுவனத்தின் லைன் இதில் சம்பந்தப்படாததால் வரும் எண் முழுக்க உங்கள் வைஃபையுடையது.

படி 8: எட்டாத அறைகள்

ஒரே ரேடியோ கொண்ட ரிப்பீட்டர் வைத்தால் வேகம் பாதியாகும். ஒவ்வொரு பொதியையும் ஒரே சேனலில் ஒருமுறை கேட்டு, மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருப்பதுதான் காரணம். சிக்னல் இல்லாத அறையிலேயே அதை வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. அங்கே அதற்கே எதுவும் கேட்காது. மைனஸ் 60, 65 கிடைக்கும் நடுவழியில் வையுங்கள். மெஷ் (பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் முறை) சாதனங்களுக்கும் இதே விதி.

கேபிள் இழுக்க முடிந்தால் அதற்கு ஈடு வேறில்லை. பழைய ரவுட்டர் ஒன்று இருந்தால் போதும். முதலில் அதைக் கணினியில் தனியாக இணைத்து, அதன் லேன் முகவரியை முதன்மை ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள்: முதன்மையானது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. அது டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) பகிரும் எல்லைக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரவுட்டரின் டிஹெச்சிபியை அணையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக. கடைசியாக முதன்மை ரவுட்டரின் லேனிலிருந்து இதன் லேனுக்குக் கேபிள் போடுங்கள், வான் போர்ட்டைக் காலியாக விடுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் சில சாதனங்களுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, காரணம் பிடிபடாமல் அலைய வேண்டியிருக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றானால்

மேலே உள்ளதெல்லாம் பார்த்தபின்னும் ரவுட்டர்தான் தடை என்றால், வான், லேன் இரண்டும் கிகாபிட்டா என்பதை முதலில் பாருங்கள். அடுத்து 5 கிகாஹெர்ட்ஸில் குறைந்தது இரண்டு ஸ்ட்ரீம், வைஃபை 6. உங்கள் சாதனங்களில் 160 மெகாஹெர்ட்ஸ் உள்ளவை இல்லையென்றால் ஏஎக்ஸ்3000-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வேகமாக மாறாது. அவற்றுக்கு அதுவும் 1201தான். 6 கிகாஹெர்ட்ஸ் வசதி, அதைப் பேசும் சாதனம் கையில் இருந்து, உங்கள் நாட்டில் அனுமதியும் இருந்தால் மட்டும்.

புதியதைப் பொருத்தும்போது அதனுடன் வந்த அடாப்டரையே செருகுங்கள். 9 வோல்ட், 12 வோல்ட் அடாப்டர்களின் முனை பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும், தவறானதும் கச்சிதமாகப் பொருந்தும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் எரிந்துபோகலாம். 12 வோல்ட் ரவுட்டரில் 9 வோல்ட்டைச் செருகினால் விளக்குகள் எரியும், வேலை செய்வது போலவே தெரியும், வைஃபை மட்டும் விட்டுவிட்டு வரும்.